மூச்சும் மூர்ச்சையும்

ஒருசாரார் கைகூப்பி வணங்குவதும் மறுசாரார் கைகொட்டிச் சிரிப்பதுமான பொருள்கள் சில நம் சமுதாயத்தில் உள. மூச்சடக்குதல் அவற்றுள் ஒன்று. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2014ஆம் ஆண்டு நிறைவேற்றிய தீர்மானத்தின்படி 2015 முதல் யூன் 21ஆம் நாள் சர்வதேச யோகா தினமாகக் கொண்டாடப்பட்டு வருகின்றது. அந்நாளிலே பாடசாலை மைதானங்களிலும் கோயில் மண்டபங்களிலும் நூற்றுக்கணக்கானோர் ஒருசேர மூச்சை இழுத்து நிறுத்துகின்றனர். காண்போருட் சிலர் முன்னோர் கண்ட அற்புதம் என்று வியப்பர். நம்மைப் போன்று முற்போக்குப் பேசுவோர் சாமியார்களின் சரக்கு என்று ஒதுக்கிவிட்டுப் போவர். இரு சாராரும் ஒரு விடயத்தில் ஒற்றுமையுடையவர்கள். மூச்சு நிறுத்தப்படும்போது உடலினுள் என்ன நிகழ்கின்றது என்று கேட்க இருவருக்கும் மனமில்லை.

நான் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகளாகக் காலைதோறும் பிராணாயாமம் செய்து வருபவன். இதனைக் கூறும்போது ஆசிரியர் சங்கத் தோழர் சிலரின் முகத்தில் தோன்றும் புன்னகை எனக்குப் பழகிப்போய்விட்டது. நாள் முழுதும் தொண்டை வறளப் பேசிப் பிழைப்பவனுக்குத் தன் மூச்சைப் பற்றி அறிந்துகொள்ள உரிமையுண்டு என்பதே அவர்களுக்கு நான் சொல்லும் விடை.

பல்கலைக்கழகத்தில் தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயின்ற காலத்தில் திருமந்திரத்தின் மூன்றாந் தந்திரம் எமக்குப் பாடமாயிருந்தது. பூரகத்துக்கு 16 மாத்திரை, கும்பகத்துக்கு 64, இரேசகத்துக்கு 32 என்று அங்கு ஒரு கணக்கு வருகின்றது. பூரகம் மூச்சை உள்ளிழுத்தல், கும்பகம் அதனைக் குடத்து நீர்போல் நிறுத்தி வைத்தல், இரேசகம் வெளிவிடுதல். தேர்வுக்காக இவ்வெண்களை மனனஞ் செய்தோம். 64 மாத்திரை மூச்சை நிறுத்தியவனுக்கு என்ன ஆகும் என்று விரிவுரை மண்டபத்தில் எவரும் கேட்டிலர். மாத்திரை என்பது எவ்வளவு பொழுது என்பதுகூடக் கேட்கப்படவில்லை. மாத்திரையொன்றை ஒரு செக்கன் எனக் கொண்டால் கும்பகம் மட்டும் ஒரு நிமிடத்தைத் தாண்டும். முழுச் சுற்றுக்கு 112 செக்கன் ஆகும். இலக்கண நூலார் கூறும் கண்ணிமைப் பொழுதை மாத்திரையாகக் கொண்டாலோ அதே 64 மாத்திரை அரை நிமிடத்துக்குள் அடங்கிவிடும். முதற்கணக்கை நம்பிப் புதிதாய்ப் பழகுபவன் ஒருவன் முதல் நாளிலேயே 64 செக்கன் அடக்க முனைந்தால் அவன் இடர்ப்படுவான் என்பதிற் சந்தேகமில்லை. சொற்பொருள் ஆராய்ச்சி உயிர்காக்கவும் உதவும் என்று தமிழ் படித்தவர்கள் பெருமைப்பட்டுக்கொள்ளத்தக்க இடம் இது.

பதினைந்தாம் நூற்றாண்டினது எனக் கருதப்படும் ஹடயோகப் பிரதீபிகை என்னும் வடமொழி நூல் இன்னும் வெளிப்படையானது. அதனை இயற்றிய சுவாத்மாராமர், சிங்கத்தையும் யானையையும் புலியையும் சிறிது சிறிதாகப் பழக்குவதுபோல மூச்சையும் பழக்கவேண்டும் என்றும், அவசரப்பட்டால் அது பழகுபவனையே கொல்லும் என்றும் எச்சரிக்கின்றார். அற்புதம் பேசுவோர் இவ்வெச்சரிக்கையை மேடையில் எடுத்துரைப்பதில்லை. அதே நூல் எண்வகைக் கும்பகங்களைக் கூறி, அவற்றுள் ஒன்றுக்கு மூர்ச்சை என்றே பெயரிட்டிருக்கின்றது. அது மனத்தை மயங்கச் செய்து இன்பம் தருவது என்கின்றது. குழப்பத்தின் வேர் இங்கேதான் உள்ளது. மூச்சடக்கி விழுந்தவனைக் கண்டு ‘சமாதி கூடிவிட்டது’ என்று சொல்வதற்கு இத்தகைய இடங்கள் துணையாகிவிடுகின்றன. தமிழில் மயக்கம் என்னும் சொல்லே ஈரடியானது. தலைசுற்றி விழுதலும் மயக்கம். ஒன்றைப் பிறிதொன்றாகக் கொள்ளுதலும் மயக்கம். முதலாவதைச் சித்தி என்று கருதுவது இரண்டாவது.

இஃது ஏட்டளவில் நின்றுவிடும் பிரச்சினையாயின் நான் எழுத முற்பட்டிருக்கமாட்டேன். 2018ஆம் ஆண்டு யூன் மாதத்தில், நான் அப்பொழுது கற்பித்த கரையோரப் பாடசாலையொன்றில் யோகா தின விழா நடைபெற்றது. காலை எட்டு மணிக்கே வெயில் ஏறிவிட்டது. ஒலிபெருக்கியுடன் வந்த பயிற்றுநர் ஒருவர் முந்நூறு பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து, முதலில் துருத்திபோல வேகமாக மூச்சுவிடச் செய்தார். அடுத்து ஆழ மூச்சிழுத்து அடக்குமாறு கூறி, யார் அதிக நேரம் நிற்பார் என்று பார்ப்போம் என்றார். பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன், அவனை நான் பெயர் சொல்லப்போவதில்லை, கண்ணை இறுக மூடிக் கழுத்து நரம்பு புடைக்க நின்றான். நின்றவன் நின்றபடியே முன்னோக்கிச் சாய்ந்தான். மேடையின் சீமெந்து விளிம்பில் நாடி அடிபட்டது. நான்கு தையல் போடவேண்டியதாயிற்று.

விழுந்ததைவிட, விழுந்தபின் பேசப்பட்டவையே என் நெஞ்சை அதிகம் உறுத்தின. பெரியவர் ஒருவர் பிள்ளை ஒரு கணம் ‘அந்த நிலையை’ தொட்டுவிட்டான் என்றார். பயிற்றுநரோ மனவுறுதி போதாது என்றார். அவன் காலையில் ஒன்றும் உண்ணாமல் வந்திருந்தான் என்பதை விசாரித்தறிந்தவர் எமது உயிரியல் ஆசிரியை ஒருவரே. அந்த ஆண்டு அவ்வகுப்பில் காலையுணவின்றி வந்த பிள்ளை அவன் ஒருவன் மட்டுமல்லன்.

அன்று மாலை அவ்வாசிரியை எனக்கு விளக்கியவற்றை, பின்னர் நான் படித்தறிந்தவற்றோடு சேர்த்து இங்கே தருகின்றேன். மூச்சை நிறுத்தியவனுக்கு ‘இனி முடியாது’ என்னும் உணர்வைத் தருவது ஒட்சிசன் குறைவு என்றே நம்மிற் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அந்தத் தவிப்பைப் பெரிதும் எழுப்புவது குருதியில் காபனீரொட்சைட்டு மிகுதல். மூளையின் அடித்தண்டிலுள்ள மையம் அதனை உணர்ந்து மூச்சுவிடு என்று ஆணையிடுகின்றது. யோன் ஸ்கொற் ஹோல்டேனும் பிறீஸ்ற்லியும் 1905ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் மூச்சின் அளவை ஆள்வது காபனீரொட்சைட்டே என நிறுவினர். ஆகவே அந்தத் தவிப்பு நமது பலவீனம் அன்று. காவலன் தட்டும் மணி.

வேகமாகவும் ஆழமாகவும் பலமுறை மூச்சுவிடுபவன் இந்த மணியின் நாக்கைப் பிடுங்கிவிடுகின்றான். நுரையீரலை விட்டு நீங்கும் குருதி சாதாரணமாகவே ஒட்சிசனால் நிரம்பியிருப்பதால் அவ்வாறு மூச்சுவிடுவதால் ஒட்சிசன் அதிகம் சேர்வதில்லை. காபனீரொட்சைட்டு மட்டும் வெளியேறிவிடுகின்றது. அது குறைந்ததும் மூளைக்குச் செல்லும் நாடிகள் சுருங்குகின்றன. தலை கிறுகிறுத்தல், உதடும் விரல் நுனியும் விறைத்தல் ஆகியன இதனால் வருவன. குண்டலினி எழுவதன் அறிகுறி என்று சிலர் இவற்றை மகிழ்ந்து வரவேற்பதை நான் கண்டிருக்கின்றேன். இந்நிலையில் மூச்சை அடக்கினால் காபனீரொட்சைட்டு மீண்டும் ஏறித் தவிப்பை எழுப்ப நெடுநேரம் செல்லும்; அதற்கிடையில் ஒட்சிசன் தாழ்ந்து கொண்டே போகும். உடல் எடையில் ஏறத்தாழ நூற்றுக்கு 2 பங்கேயான மூளை, ஓய்வில் உடல் செலவிடும் ஒட்சிசனில் நூற்றுக்கு 20 பங்கை உண்கின்றது. பட்டினியை முதலில் உணர்வதும் அதுவே. எச்சரிக்கையின்றி நினைவு போகின்றது.

மேற்கூறிய ஹோல்டேனின் மகனை நம் வாசகர்கள் அறிவர். மார்க்சியவாதியாய் வாழ்ந்து, 1957இல் இந்தியாவுக்குக் குடிபெயர்ந்து, 1964இல் புவனேஸ்வரத்தில் மறைந்த உயிரியல் அறிஞர் ஜே. பி. எஸ். ஹோல்டேன். அவரைச் சிறுவனாயிருக்கையில் தந்தை சுரங்கமொன்றுக்கு அழைத்துச் சென்று, கூரையோரம் எரிவாயு தங்கிநின்ற இடத்தில் நிற்கவைத்து சேக்ஸ்பியரின் யூலியஸ் சீசரில் வரும் அந்தோனியின் உரையை ஒப்புவிக்கச் சொன்னார். பேச்சு நடந்துகொண்டிருக்கையிலேயே பையனின் கால்கள் மடிந்தன. விழுந்த இடத்தில், நிலத்தோரத்துக் காற்று நல்லதாயிருந்தமையால் தெளிந்தெழுந்தான். ஒட்சிசன் குறைந்த காற்றில், பேசிக்கொண்டிருப்பவனும் பேச்சு முடியுமுன் விழக்கூடும் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

மூர்ச்சைக்கு இன்னொரு வழியும் உண்டு. தொண்டையை இறுக்கி, வயிற்றையும் மார்பையும் முக்கி மூச்சை அடக்கும்போது நெஞ்சறையில் அமுக்கம் உயர்கின்றது. நாளங்கள் வழியே இதயத்துக்குத் திரும்பவேண்டிய குருதி தடைப்படுகின்றது. இதயம் வெளியேற்றும் குருதி குறைய, மூளைக்குப் போவதும் குறைகின்றது. தம் விருப்பப்படி இதயத்தையே நிறுத்தவல்லோம் என்று கூறிய யோகியர் சிலரை வெங்கர், பாக்சி, ஆனந்த் ஆகியோர் இந்தியாவில் கருவிகொண்டு சோதித்து 1961இல் முடிவுகளை வெளியிட்டனர். மணிக்கட்டில் நாடித்துடிப்பு மறைந்தது உண்மை, இதயம் நிற்கவில்லை. மூச்சை அடக்கி முக்கியதால் நெஞ்சறை அமுக்கம் உயர்ந்து துடிப்பு கைக்கு எட்டாது போயிற்று. அற்புதம் எனப்பட்டதும் மைதானத்தில் பையன் விழுந்ததும் ஒரே பொறிமுறையின் இரு வெளிப்பாடுகள். வேகமூச்சு, நிமிர்ந்து நிற்றல், முக்குதல் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பாடசாலைச் சிறுவர் விளையாட்டாக மயங்கி விழுவதைப் பற்றி 1951இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் ஒரு கட்டுரை வெளிவந்துள்ளது. எமது விழாவில் அந்த மூன்றும் நிகழ்ச்சி நிரலிலேயே இருந்தன. வெயிலும் வெறுவயிறும் மேலதிகம்.

இவற்றையெல்லாம் கூறுவதால் யோகத்தைப் பழிப்பதாக எவரும் கொள்ளவேண்டா. சுவாமி குவலயானந்தர் 1924இல் லோணாவளையில் கைவல்யதாம நிறுவனத்தை அமைத்து, யோக மீமாம்சை என்னும் இதழையும் தொடங்கி, ஆய்வுகூடத்தில் யோகத்தைச் சோதிக்கத் தொடங்கிவிட்டார். நூறாண்டுக்கு முன்னரே சந்நியாசி ஒருவர் அஞ்சாத சோதனைக்கு இன்று நாம் அஞ்சுவது விந்தை.

மாணவனின் கதைக்கு வருவோம். மனவுறுதி போதாது என்ற சொல் அவனைத் தைத்துவிட்டது. தையல் பிரித்த கிழமையே அவன் பள்ளி முடிந்தபின் கோயிற் கேணியில் இறங்கி, நீருக்கடியில் மூச்சடக்கிப் பழகுகின்றான் என்று அவனுடைய தோழன் வந்து என்னிடம் சொன்னான். தனியாக! வேகமூச்சு விட்டபின்! தரையில் மயங்கியவன் விழுவான், மூச்சு தானே திரும்பும். நீரில் மயங்கியவன் உள்ளிழுக்கும் முதல் மூச்சே நீராயிருக்கும். அன்று மாலையே அவனுடைய வீட்டுக்குச் சென்றேன்.

தகப்பனார் இளமையில் சங்கு குளித்தவர். நான் வந்த காரணத்தைக் கேட்டதும் மகனைத் திட்டவில்லை. சற்றுநேரம் பேசாமலிருந்துவிட்டுச் சொன்னார்: “மாஸ்ரர், நாலைஞ்சு தரம் வேகமா மூச்சை இழுத்துப்போட்டு இறங்கினால் கனநேரம் கீழ நிக்கலாம். நிக்கலாந்தான். ஏறி வாறதுதான் இல்லை. என்னோட தொழில் செய்த ஒருத்தர் அப்பிடித்தான் போனவர்.” பிறகு மகனைப் பார்த்து, “மூச்சு கேக்கேக்கை குடுத்துப்போடவேணும். கடலோட ஆர் ரோசம் பாக்கிறது?” என்றார். உடற்றொழிலியல் நூல் பல பக்கங்களில் கூறுவதை அவர் ஒரு வரியில் கூறிவிட்டார்.

அவர் பேசியபோது எனக்கு மன்னார்க் கடலின் முத்துக்குளிப்பு நினைவுக்கு வந்தது. ஹோல்டேனின் ஆய்வு வெளியான அதே 1905இல் மறிச்சுக்கட்டிக் கரையில் மிகப் பெரிய முத்துக்குளிப்பு ஒன்று நடைபெற்றது. குளியாளிகள் காலில் கல்லைக் கட்டி இறங்கி, பெரும்பாலும் ஒரு நிமிடம், மிஞ்சினால் ஒன்றரை நிமிடம் அடியில் நின்று சிப்பி அள்ளினர். சுறாவை மந்திரத்தால் கட்டுவதாகக் கூறிய கடல்கட்டிகளையும் முற்காலத்தில் அரசாங்கம் கூலி கொடுத்து வைத்திருந்தது. அள்ளியதில் மூன்றிலொரு பங்கு குளியாளிகளுக்கு, எஞ்சியது அரசாங்கத்துக்கு. அடுத்த ஆண்டே அப்பார்கள் இலண்டன் கும்பனியொன்றுக்கு இருபதாண்டுக் குத்தகைக்கு விடப்பட்டன. எவருடைய மூச்சு எவருடைய கழுத்தில் மாலையாயிற்று என்பது தனியே எழுதவேண்டிய வரலாறு. இங்கு வேண்டுவது ஒன்றே. குளியாளி ஒருவனும் தனியே இறங்கியதில்லை. மேலே தோணியில் கயிற்றைப் பிடித்தபடி ஒருவன் நின்றான். மந்திரம் பலித்ததோ இல்லையோ, அந்தக் கயிறு பலித்தது.

இனிப் பழகுவோருக்குச் சில சொல்லவேண்டும். நான் முதலாண்டில் கும்பகமே செய்யவில்லை. நான்கு எண்ணும்வரை இழுத்து, ஆறோ எட்டோ எண்ணும்வரை வெளிவிடுவதோடு நிறுத்திக்கொண்டேன். அதுவே மனத்தை அமைதிப்படுத்தப் போதுமாயிருந்தது என்பதை ஒளிக்காமல் சொல்லவேண்டும். பலருக்கு அதற்குமேல் தேவையில்லை என்பதே என் கருத்து. கும்பகத்தைச் சேர்த்தபோது, இழுத்த எண்ணிக்கைக்கு மேற்படாமல் நான்கு எண்ணினேன். மாதக்கணக்கில் அதே அளவில் நின்றேன். இன்றும் என் கும்பகம் 20 செக்கனைத் தாண்டுவதில்லை. தாண்டவேண்டிய தேவையையும் கண்டிலேன். அளவு மீறியதா என்பதை அறிய ஓர் எளிய உரைகல் உண்டு. அடக்கிய மூச்சை நூல் நூற்பதுபோல மெல்ல வெளிவிட முடியவேண்டும். அது பீறிட்டு வெளியேறுமானால், அல்லது அடுத்த மூச்சை விழுங்குவதுபோல் இழுக்க நேருமானால், அடக்கியது மிகை. அடுத்த சுற்றில் குறைத்துவிட வேண்டும்.

இருந்தபடி செய்யவேண்டும், நின்றபடி செய்தல் ஆகாது. சுவரோ மேசை விளிம்போ அருகில் இல்லாத இடத்தில் பாய் விரித்து இருத்தல் நன்று. உண்டவுடன் வேண்டா என்று நூல்கள் கூறுவதை நோன்பிருந்து செய்யவேண்டும் என்று பொருள்கொள்ளலாகாது. நீர் குடியாமல், உறக்கங் கெட்டு, காய்ச்சலோடு இருக்கும் நாளில் கும்பகத்தை விட்டுவிடவேண்டும். கபாலபாதி, பஸ்திரிகை போன்ற வேகமூச்சுப் பயிற்சிகளின்பின் மூச்சு இயல்புக்குத் திரும்பும்வரை பொறுத்திருக்கவேண்டும். அவற்றின் தொடர்ச்சியாக நீண்ட கும்பகம் செய்வதே மூர்ச்சைக்கு நேர்வழி. தொண்டையை இறுக்கி முக்குதல் கூடாது. உயர் குருதியமுக்கம், இதயநோய், வலிப்பு, கண்ணமுக்க நோய் உடையோரும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேளாமல் கும்பகம் தொடவேண்டா. நீரில், குளிக்கும் தொட்டியிலாயினும், ஒருபோதும் வேண்டா. கண்ணின் ஓரங்கள் இருளுதல், காதில் இரைச்சல், வியர்வை, விரல் விறைப்பு ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் அக்கணமே மூச்சை விட்டு, இயல்பாக மூச்சுவிட்டபடி படுத்துவிடவேண்டும்.

இத்தகைய எளிய விடயங்கள் ஏன் எல்லார்க்கும் தெரியாமலிருக்கின்றன? குருமுகமாகவே கற்கவேண்டும் என்ற விதியை நான் ஏளனஞ் செய்யமாட்டேன். ஒரு குரு நாலைந்து சீடரை அருகிலிருத்தி, ஒவ்வொருவரின் முகநிறத்தையும் மூச்சொலியையும் நாள்தோறும் பார்த்த காலத்தில் அந்த விதி ஒரு பாதுகாப்பாயிருந்தது. அக்குருவே தோணியில் நின்ற கயிற்றுக்காரன். இன்று ஒலிபெருக்கி பிடித்த ஒருவர் முந்நூறு பேருக்குக் கற்பிக்கின்றார். குருமுகம் போய்விட்டது, அதனோடு கூடப்பிறந்த இரகசியம் மட்டும் நிலைத்துவிட்டது. காரணம் கேட்கும் மாணவனுக்கு நம்பிக்கையில்லை என்கின்றார்கள். விழுந்தவனுக்கு உறுதியில்லை என்கின்றார்கள். பட்டினியோடு வந்த பிள்ளையின் மீதே பழியும் சுமத்தப்படுகின்றது. இதனை யோகம் என்று நான் ஏற்கமாட்டேன். இது நமது பள்ளிக்கூடங்களில் வேறு பல பாடங்களிலும் நடப்பதுதான்.

2019ஆம் ஆண்டு விழாவுக்கு முன் உயிரியல் ஆசிரியையும் நானும் சேர்ந்து ஒரு பக்கக் குறிப்பொன்று எழுதி அறிவித்தற் பலகையில் ஒட்டினோம். மயங்கியவரைத் தூக்கி இருத்தாமல் மல்லாக்கக் கிடத்திக் கால்களை உயர்த்தவேண்டும், சூழ்ந்து நிற்காமல் காற்றுக்கு வழிவிடவேண்டும், கழுத்துப் பொத்தானைத் தளர்த்தவேண்டும், நினைவு திரும்புமுன் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றலாகாது, ஒரு நிமிடத்தில் தெளியாவிட்டாலோ வலிப்புக் கண்டாலோ மார்பு நொந்தாலோ தலை அடிபட்டிருந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும் என்பவற்றையும் அதிற் சேர்த்தோம். கையில் இரும்பைத் திணிப்பதால் ஒரு பயனுமில்லை என்ற வரியைப் பற்றிச் சில பெற்றோர் அதிபரிடம் முறையிட்டதாகக் கேள்வி. அவர் அவ்வரியை நீக்கும்படி எம்மிடம் கேட்கவில்லை.

பயிற்றுநர் அவ்வாண்டும் வந்தார். குறிப்பை இருமுறை வாசித்துவிட்டு, தமக்கும் ஒரு பிரதி வேண்டும் என்று வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிள்ளைகளுக்கு முதலில் பாணும் சம்பலும் தேநீரும் கொடுக்கப்பட்டன. பின்னர் வேப்பமர நிழலில் பாய் விரித்திருந்து மூச்சை இழுத்தனர், விட்டனர், அடக்குதல் நடைபெறவில்லை. நிகழ்ச்சி முடிந்து வெளியேறுகையில் விருந்தினராய் வந்திருந்த ஒருவர், சென்ற ஆண்டைப் போல இம்முறை விறுவிறுப்பு இல்லை என்று என் காதுபடவே சொல்லிக்கொண்டு போனார்.